பம்ப் ஸ்டாக் தடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் பெரிய துப்பாக்கிச் சூடு ஏதாவது நடந்தால் ‘பம்ப் ஸ்டாக்’ என்ற சொல்லும் செய்தியில் எங்கேயாவது தலைகாட்டிவிடுகிறது. 2017இல் லாஸ் வேகாஸ், 2018இல் ட்ரம்ப் அரசின் தடை, 2024இல் அந்தத் தடை உச்ச நீதிமன்றத்தில் விழுந்தது என்று ஏழு வருடம் ஓடிய கதை. தெரிந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன். நான் துப்பாக்கி நிபுணனும் இல்லை, வக்கீலும் இல்லை. தீர்ப்பை உட்கார்ந்து முழுசாகப் படித்தவன், அவ்வளவுதான்.

பம்ப் ஸ்டாக் என்றால் என்ன?

முதலில் ஒன்று, இது வயலில் தண்ணீர் இறைக்கிற பம்ப் இல்லை. முட்டுவது, இடிப்பது என்று அர்த்தம் வருகிற பம்ப். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது, என்ன செய்ய.

ரைஃபிளின் பின்பக்கம் தோளில் அண்டக் கொடுக்கும் கட்டைக்குத்தான் ஸ்டாக் என்று பெயர். சாதாரண ரைஃபிளில் அது ஆடாமல் அசையாமல் இருக்கும். பம்ப் ஸ்டாக் மாட்டினால் துப்பாக்கி அந்தக் கட்டைக்குள் முன்னும் பின்னும் கொஞ்சம் வழுக்கி ஓடும். ஒரு தோட்டா போனதும் துப்பாக்கி பின்னால் உதைக்கும், அந்த உதையில் விசை விரலை விட்டு விலகும்; சுடுபவர் இன்னொரு கையால் துப்பாக்கியை முன்பக்கம் தள்ளிக்கொண்டே இருப்பதால் அது திரும்பவும் முன்னால் வந்து, ஆடாமல் நிற்கும் விரலில் விசை முட்டி, அடுத்த தோட்டா போகும். விரல் சும்மா இருக்கிறது, விசைதான் விரலைத் தேடி வந்து வந்து போகிறது.

ஏஆர்-15 போன்ற அரைத் தானியங்கி ரைஃபிளில் ஒரு தடவை விசையை அழுத்தினால் ஒரு தோட்டாதான், அடுத்தது தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும், ஆனால் சுட இன்னொரு முறை அழுத்த வேண்டும். பம்ப் ஸ்டாக் மாட்டிய அதே ரைஃபிள் நிமிடத்துக்கு 400 முதல் 800 தோட்டா வேகத்தில் சுடும் என்று 2024 தீர்ப்பின் மறுப்புரையில், அதாவது தீர்ப்போடு உடன்படாத நீதிபதிகள் எழுதிய பகுதியில், இருக்கிறது. ராணுவத்தின் எம்16க்கு அதே இடத்தில் கொடுத்திருக்கும் கணக்கு 700 முதல் 950. பக்கத்து வீட்டுத் தூரம்தான்.

அப்படியானால் அது இயந்திரத் துப்பாக்கிதானே? இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். மொத்த வழக்கும் இதற்குள்தான் கிடக்கிறது.

1934இல், கொள்ளைக் கும்பல்கள் தாம்ஸன் என்ற இயந்திரத் துப்பாக்கியோடு திரிந்த காலம் முடிகிற சமயத்தில், அமெரிக்கா தேசியத் துப்பாக்கிச் சட்டம் கொண்டுவந்தது. அதில் இயந்திரத் துப்பாக்கிக்குக் கொடுத்த இலக்கணத்தில் வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. விசையின் ஒரே ஒரு செயல்பாட்டில், கையால் மறுபடி நிரப்பாமல், தானாகவே ஒன்றுக்கு மேற்பட்ட குண்டுகளைச் சுடுவது எதுவோ அதுதான் இயந்திரத் துப்பாக்கி. நிமிடத்துக்கு இத்தனை குண்டு என்று ஒரு எண்ணைப் போட்டிருந்தால் 90 வருடம் கழித்து இந்தச் சண்டையே வந்திருக்காது. அன்றைக்கு அப்படி யோசிக்கத் தேவையும் இருக்கவில்லை, விசையை அழுத்திப் பிடித்தால் ஓடுகிற துப்பாக்கிதான் அவர்கள் கண்முன்னால் இருந்தது.

பம்ப் ஸ்டாக் மாட்டிய ரைஃபிளில் ஒவ்வொரு தோட்டாவுக்கும் விசை ஒரு தடவை விடுபட்டு ஒரு தடவை அமுங்குகிறது. அப்போது ‘ஒரே செயல்பாடு’ என்பது விசையினுடையதா, விரலினுடையதா? வழக்கு இவ்வளவுதான்.

இயந்திரத் துப்பாக்கியைச் சாதாரண ஆள் அங்கே வைத்துக்கொள்ளலாமா?

1986 மே 19க்கு முன்னால் தயாராகிப் பதிவானது என்றால் வைத்துக்கொள்ளலாம். கைரேகை, பின்னணி விசாரணை, 200 டாலர் வரி எல்லாம் உண்டு. (அந்த 200 டாலர் 1934இல் வைத்தது. அன்றைக்கு அது துப்பாக்கி விலைக்குச் சமம், அதனால் அதுவே பாதித் தடை மாதிரி. இன்றைக்கும் அதே 200தான்.) அந்தத் தேதிக்குப் பின் செய்யப்பட்டதைப் பொதுமக்கள் வாங்கவே முடியாது. சரக்கு கூடவே முடியாததால் பழைய துப்பாக்கி ஒன்றின் விலை பல ஆயிரம் டாலருக்குப் போய்விட்டது. சில நூறு டாலர் பிளாஸ்டிக் கட்டை ஒன்று ஏன் அவ்வளவு விற்றது என்பதற்கு இதுவே பாதிப் பதில்.

இப்படி ஒரு பொருளை முதலில் எப்படி அனுமதித்தார்கள்?

துப்பாக்கி, மது, புகையிலை, வெடிபொருள் எல்லாவற்றையும் கவனிக்கும் மத்திய அரசுப் பிரிவு ஏடிஎஃப். புதுக் கருவி செய்பவர்கள் ஒரு மாதிரியை அங்கே அனுப்பி, ‘இது எந்த வகையில் வரும்’ என்று கடிதம் வாங்கிக்கொள்வது வழக்கம்.

2000களின் ஆரம்பத்தில் ‘ஏகின்ஸ் ஆக்ஸிலரேட்டர்’ என்று ஒன்று வந்தது. துப்பாக்கியைத் திரும்ப முன்னால் தள்ள உள்ளே ஒரு ஸ்பிரிங் வைத்திருந்தார்கள். முதலில் பரவாயில்லை என்று சொன்ன ஏடிஎஃப், 2006இல் மனம் மாறி இது இயந்திரத் துப்பாக்கிதான் என்றது. வாங்கியவர்கள் ஸ்பிரிங்கைக் கழற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அப்புறம் ஸ்பிரிங்கே இல்லாமல், சுடுபவரின் கையே ஸ்பிரிங் வேலையைச் செய்கிற மாதிரி ஸ்லைட் ஃபயர் என்ற டெக்ஸஸ் கம்பெனி ஒன்றைச் செய்தது. 2010 ஜூனில் ஏடிஎஃப் அதற்குக் கடிதம் கொடுத்தது: தானாக இயங்கும் பாகமோ ஸ்பிரிங்கோ இல்லை, ஆகவே இது துப்பாக்கி உதிரிபாகம் மட்டுமே, எங்கள் கட்டுப்பாட்டில் வராது. கையசைவு குறைந்தவர்களுக்கு உதவவே இது செய்யப்பட்டது என்று கம்பெனி சொன்னதாக அந்தக் கடிதத்திலேயே இருக்கிறது. கை முடியாதவர் எதற்கு நிமிடத்துக்கு 400 குண்டு சுட வேண்டும் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இது ஒபாமா ஆட்சிக் காலம். ‘ஒபாமாதான் பம்ப் ஸ்டாக்கை அனுமதித்தார்’ என்று பிறகு கிளம்பிய பேச்சு இங்கிருந்து வந்ததுதான். தேதி சரி. ஆனால் அது ஜனாதிபதியின் மேஜைக்குப் போகிற விஷயமே இல்லை, தொழில்நுட்பப் பிரிவின் கடிதம்.

லாஸ் வேகாஸில் என்ன நடந்தது?

2017 அக்டோபர் 1, இரவு பத்து மணி தாண்டியிருந்தது. மாண்டலே பே ஹோட்டலின் 32ஆம் மாடியிலிருந்து ஒருவன், எதிரே திறந்த வெளியில் நடந்துகொண்டிருந்த கண்ட்ரி இசை விழாக் கூட்டத்தை நோக்கிச் சுட்டான். கூட்டத்தில் இருபதாயிரத்துக்கு மேல் ஆட்கள். சுமார் பத்து நிமிடத்தில் ஆயிரத்துக்கும் அதிகமான தோட்டாக்கள். 58 பேர் இறந்தார்கள், காயத்தோடு கிடந்து பின்னால் இறந்த இருவரையும் சேர்த்து இப்போது 60 என்று கணக்கு. தோட்டா பாய்ந்து காயம்பட்டவர்கள் மட்டும் நானூறுக்கு மேல். அறையில் இருந்த ரைஃபிள்களில் பன்னிரண்டில் பம்ப் ஸ்டாக் மாட்டியிருந்தது.

அதுவரை துப்பாக்கிக்காரர்கள் வட்டத்துக்கு வெளியே இந்தப் பெயர் தெரிந்தவர்கள் குறைவு. துப்பாக்கி வைத்திருப்பவர்களிலேயே பலர் இதைத் தோட்டாவை வீணாக்கும் விளையாட்டுச் சாமான் என்றுதான் நினைத்தார்கள். இதை மாட்டினால் குறி வைத்துச் சுடுவது கஷ்டம். ஆனால் இருபதாயிரம் பேர் நெருக்கியடித்து நிற்கும் இடத்தில் குறி எதற்கு?

என்ஆர்ஏகூட தடையை ஆதரித்ததாமே?

தடையை இல்லை. துப்பாக்கி உரிமைக்காகக் குரல் கொடுக்கும் தேசிய ரைஃபிள் சங்கம் (அதுதான் என்ஆர்ஏ) நான்கு நாள் கழித்து ஒரு அறிக்கை விட்டது. அரைத் தானியங்கியை முழுத் தானியங்கி போல ஓட வைக்கும் கருவிகளுக்குக் கூடுதல் ஒழுங்குமுறை வேண்டும், ஏடிஎஃப் உடனே மறுபரிசீலனை செய்யட்டும் என்றது. பலர் ‘அட, என்ஆர்ஏவே இறங்கி வந்துவிட்டதே’ என்று அசந்துபோனார்கள். நான் அதை வேறு மாதிரிப் படிக்கிறேன். பந்தை ஏடிஎஃப் பக்கம் தட்டிவிட்டால் காங்கிரஸில் மசோதா வராது. மசோதா வந்தால் அதோடு என்னென்ன திருத்தம் ஒட்டிக்கொண்டு வரும் என்று யாருக்கும் தெரியாது. (காங்கிரஸ் என்று நான் எழுதும் இடமெல்லாம் அவர்கள் நாடாளுமன்றம்.)

ட்ரம்ப் உண்மையிலேயே தடை செய்தாரா?

ஆமாம். துப்பாக்கி உரிமைக்காரர்களின் செல்லப்பிள்ளை ஒருவர் ஆட்சியில்தான் இது நடந்தது. 2018 பிப்ரவரி 14 அன்று ஃப்ளோரிடாவின் பார்க்லேண்டில் பள்ளிக்கூடத்தில் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அங்கே பம்ப் ஸ்டாக் பயன்படவில்லை, ஆனாலும் ஏதாவது செய்தாக வேண்டிய நெருக்கடி. ஒரு வாரத்துக்குள் ட்ரம்ப் நீதித்துறைக்கு உத்தரவு போட்டார். காங்கிரஸ் செய்தாலும் செய்யாவிட்டாலும் நானே இதை எழுதித் தள்ளுகிறேன் என்கிற தொனியில் கவர்னர்களிடம் பேசினார்.

2018 டிசம்பரில் விதி வந்தது. பம்ப் ஸ்டாக்கும் இயந்திரத் துப்பாக்கியே, 2019 மார்ச் 26க்குள் அழித்துவிடுங்கள் அல்லது ஏடிஎஃப் அலுவலகத்தில் ஒப்படையுங்கள், இல்லாவிட்டால் பத்து வருடம் வரை சிறை. சட்டத்தில் ஒரு எழுத்து மாறவில்லை. பத்து வருடமாக ‘இது இல்லை’ என்று கடிதம் கொடுத்த அதே அலுவலகம், அதே சட்ட வரியைப் படித்துவிட்டு ‘இதுதான்’ என்றது.

வைத்திருந்தவர்களுக்குப் பணம் கொடுத்தார்களா?

ஒரு சென்ட்கூட இல்லை. நாட்டில் 2,80,000 முதல் 5,20,000 வரை பம்ப் ஸ்டாக்குகள் இருக்கலாம் என்று ஏடிஎஃப்பே மதிப்பிட்டிருந்தது. டெக்ஸஸில் ஒரு விற்பனை நிறுவனம் சுமார் 60,000 கட்டைகளை மொத்தமாக அரைக்கக் கொடுத்தது. நஷ்டஈடு கேட்டுப் போட்ட வழக்குகளும் நிற்கவில்லை. தடையை ஆதரிக்கும் எனக்கே இது உறுத்துகிறது. அரசாங்கத்தின் கடிதத்தை நம்பிக் கடையில் காசு கொடுத்து வாங்கியவனை ஒரு நாள் காலையில் குற்றவாளி ஆக்குவதென்றால், வாங்கின விலையையாவது கொடுத்திருக்கலாம்.

கார்கில் வழக்கு என்கிறார்களே, அது என்ன?

1999 கார்கில் இல்லை. மைக்கேல் கார்கில், டெக்ஸஸ் ஆஸ்டினில் துப்பாக்கிக் கடை வைத்திருப்பவர். தன்னிடம் இருந்த இரண்டு பம்ப் ஸ்டாக்கை 2019இல் ஏடிஎஃப்பிடம் ஒப்படைத்துவிட்டு, ஒப்படைத்த கையோடு வழக்குப் போட்டார். கீழ்க்கோர்ட்டில் தோற்றார். 2023 ஜனவரியில் ஐந்தாம் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் முழு அமர்வாக உட்கார்ந்து அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. வேறு சில மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் தடையை ஏற்றிருந்ததால் விஷயம் உச்ச நீதிமன்றம் போனது.

உச்ச நீதிமன்றம் என்ன சொல்லித் தடையை ரத்து செய்தது?

2024 ஜூன் 14, ஆறுக்கு மூன்று. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ். அதைப் படிக்கும்போது சட்டப் புத்தகம் படிக்கிறோமா மெக்கானிக் கையேடு படிக்கிறோமா என்று சந்தேகம் வரும். விசை, அதன் பின்னால் இருக்கும் கொக்கி, சுத்தியல் எல்லாம் எப்படி நகர்கின்றன என்று படம் படமாகப் போட்டிருக்கிறார். அந்தப் படங்கள் துப்பாக்கி உரிமை அமைப்பு ஒன்று நீதிமன்றத்துக்குக் கொடுத்தவை.

அவர் வாதம் இரண்டு. ஒன்று, பம்ப் ஸ்டாக் மாட்டினாலும் ஒரு குண்டுக்கு ஒரு தடவை விசை விடுபட்டு மறுபடி அமுங்கித்தான் ஆக வேண்டும், ஆகவே ‘ஒரே செயல்பாட்டில்’ ஒன்றுக்கு மேல் சுடவில்லை. இரண்டாவது, அப்படியே வைத்துக்கொண்டாலும் ‘தானாக’ இல்லை, ஏனென்றால் இன்னொரு கை விடாமல் முன்னால் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், அளவு கூடினாலும் குறைந்தாலும் சுடுவது நின்றுவிடும்.

நீதிபதி அலிட்டோ கூடவே ஒரு சின்னக் குறிப்பு எழுதினார். 1934இல் சட்டம் போட்டவர்கள் பம்ப் ஸ்டாக் மாட்டிய ரைஃபிளுக்கும் இயந்திரத் துப்பாக்கிக்கும் பெரிய வித்தியாசம் பார்த்திருக்க மாட்டார்கள் என்று ஒப்புக்கொள்கிறார். ஆனால் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று ஒரு கொடூரம் காட்டிவிட்டது என்பதற்காகச் சட்டத்தின் அர்த்தம் மாறிவிடாது, காங்கிரஸ் திருத்தட்டும் என்கிறார்.

வாத்து என்று ஏதோ வந்ததே?

அது மறுப்புரை. நீதிபதி சோட்டோமயோர் எழுதினார், கேகனும் ஜாக்ஸனும் சேர்ந்துகொண்டார்கள். வாத்து மாதிரி நடந்து, வாத்து மாதிரி நீந்தி, வாத்து மாதிரி கத்துகிற பறவையை நான் வாத்து என்றுதான் சொல்வேன் என்றார். மறுப்பின் சுருக்கத்தை அவர் நீதிமன்றத்தில் வாய்விட்டும் படித்தார். கோபம் ரொம்ப இருந்தால்தான் அங்கே அப்படிச் செய்வார்கள்.

அவர் கணக்கு எளிமையானது: சுடுபவன் விரலை ஒரு தடவை வைக்கிறான், குண்டு போய்க்கொண்டே இருக்கிறது. உள்ளே விசை எத்தனை முறை ஆடினால் என்ன. இயந்திரத் துப்பாக்கியிலும் விசையை விடாமல் அழுத்திப் பிடிக்கத்தானே வேண்டும்? அந்த அழுத்தம் ‘தானாக’ என்பதைக் கெடுக்கவில்லை என்றால் இந்தக் கையின் தள்ளல் மட்டும் எப்படிக் கெடுக்கும்? இந்தக் கடைசிக் கேள்விக்குத் தாமஸ் சொல்லும் பதில் எனக்கு நிறைவாக இல்லை.

இது இரண்டாம் திருத்தம் சம்பந்தப்பட்ட தீர்ப்புதானே?

இல்லை. அமெரிக்க அரசியல் சட்டத்தின் இரண்டாம் திருத்தம் தரும், துப்பாக்கி வைத்திருக்கும் உரிமை பற்றி இந்த வழக்கில் கேள்வியே இல்லை. ஒரு சட்ட வாக்கியத்தின் அர்த்தம் என்ன என்பதுதான் கேள்வி. அதாவது, காங்கிரஸ் நாளைக்கே ஒரு வரி சேர்த்துத் தடை செய்தால் இந்தத் தீர்ப்பு அதற்குக் குறுக்கே நிற்காது.

நீங்கள் எந்தப் பக்கம்?

பம்ப் ஸ்டாக் கடையில் விற்கக் கூடாது என்கிற பக்கம். ஆனால் ஏடிஎஃப் விதி சரியான வழி என்று என்னால் சொல்ல முடியவில்லை, இந்த இரண்டையும் ஒன்றாகச் சொன்னால் இரு தரப்புமே முறைக்கிறார்கள். விசையின் அர்த்தத்தில் தாமஸ் முட்டாள்தனமாக எதுவும் சொல்லிவிடவில்லை, ஏடிஎஃப்பே பல வருடம் அப்படித்தான் படித்தது. செனட்டர் டயான் ஃபைன்ஸ்டைன், துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்காக வாழ்நாள் முழுக்கப் போராடியவர், விதி தயாராகிக்கொண்டிருந்தபோதே எச்சரித்தார்: இது கோர்ட்டில் போய் மாட்டிக்கொள்ளும், சட்டம்தான் வழி என்று. தாமஸ் தன் தீர்ப்பில் இவரைச் சாட்சிக்கு இழுக்கிறார் என்பது வேடிக்கை. ஃபைன்ஸ்டைன் 2023 செப்டம்பரில் காலமானார், அதைப் பார்க்க அவர் இல்லை.

2017 அக்டோபரில் மசோதா நிறைவேறும் சூழ்நிலை நிஜமாகவே இருந்தது. இரண்டு கட்சியிலும் ஆதரவு, என்ஆர்ஏகூட வாயை முழுசாகத் திறந்து எதிர்க்க முடியாத நேரம். விதி வருகிறது என்றதும் எல்லோரும் கையைத் தட்டிவிட்டு எழுந்து போய்விட்டார்கள். அந்த நேரம் திரும்ப வரவில்லை.

தீர்ப்புக்குப் பிறகாவது காங்கிரஸ் ஏதும் செய்ததா?

நான்கு நாள் கழித்து செனட்டில் ஒரு முயற்சி. நியூ மெக்ஸிகோ செனட்டர் மார்ட்டின் ஹைன்ரிக்கின் மசோதாவை ஒருமனதாக நிறைவேற்றலாம் என்று கேட்டார்கள். ஒருமனதாக என்றால் ஒருவர் மறுத்தால் போதும். நெப்ராஸ்காவின் பீட் ரிக்கெட்ஸ் மறுத்தார். மசோதாவின் வாசகம் பம்ப் ஸ்டாக்கோடு நிற்காமல் சாதாரண உதிரிபாகங்களையும் இழுத்துவிடும் என்பது அவர் தரப்பு. முடிந்தது.

இப்போது எல்லா இடத்திலும் கிடைக்குமா?

இல்லை. விழுந்தது மத்திய அரசின் விதி மட்டும். மாநிலச் சட்டங்கள் அப்படியே இருக்கின்றன. கலிஃபோர்னியா லாஸ் வேகாஸுக்கு ரொம்ப முன்னாலேயே இந்த வகைக் கருவிகளைத் தடை செய்திருந்தது. மாசசூசெட்ஸ் 2017 நவம்பரிலேயே சட்டம் போட்டது, ஃப்ளோரிடா பார்க்லேண்டுக்குப் பிறகு 2018 மார்ச்சில், சம்பவம் நடந்த நெவாடா 2019இல். தீர்ப்பு வந்தபோது ஏறத்தாழ 15 மாநிலங்களிலும் தலைநகர் வாஷிங்டனிலும் தடை இருந்தது. ஃப்ளோரிடாவில் அப்போது கவர்னராக இருந்து கையெழுத்துப் போட்டவர் ரிக் ஸ்காட், குடியரசுக் கட்சிக்காரர். மாநில அளவில் கட்சி தாண்டியும் இது நடந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

‘ஃபோர்ஸ்டு ரீசெட் ட்ரிகர்’ என்று புதிதாக ஒன்று சொல்கிறார்களே?

இப்போதைய சண்டை இதில்தான். இது கட்டை இல்லை, விசையையே மாற்றுவது. ஒரு குண்டு போனதும் துப்பாக்கியின் உள் இயக்கமே விசையை வலுக்கட்டாயமாக முன்னால் தள்ளிவிடும். விரலை அழுத்தியபடியே வைத்திருந்தால் மறுபடி அமுங்கும், மறுபடி சுடும். ரேர் ப்ரீட் என்ற கம்பெனி விற்க ஆரம்பித்ததும் 2021இல் ஏடிஎஃப் நிறுத்தச் சொன்னது. நியூயார்க்கில் ஒரு மத்திய நீதிமன்றம் அரசு பக்கம் சாய்ந்தது, டெக்ஸஸில் இன்னொன்று கார்கில் தீர்ப்பைக் காட்டிக் கம்பெனி பக்கம். 2025 மே மாதம் ட்ரம்ப்பின் நீதித்துறை சமரசம் செய்துகொண்டது: கைப்பற்றியதைத் திருப்பிக் கொடுப்போம், கம்பெனி கைத்துப்பாக்கிக்கு இதைச் செய்யாமல் இருக்கட்டும். பம்ப் ஸ்டாக்கைத் தடை செய்த அதே ட்ரம்ப்தான். ‘விசையின் செயல்பாடு’ என்ற இரண்டு வார்த்தையை அப்படியே விட்டுவைத்தால் அடுத்த கருவி அதைச் சுற்றித்தானே வடிவமைக்கப்படும்?

க்ளாக் ஸ்விட்ச்சும் இதே கதையா?

இல்லை, குழப்பிக்கொள்ளாதீர்கள். அது கைத்துப்பாக்கியை நிஜமாகவே முழுத் தானியங்கி ஆக்கும் சின்னப் பாகம். ஒரு அழுத்தலில் குண்டு கொட்டும். பழைய சட்டப்படியே இயந்திரத் துப்பாக்கி, வைத்திருந்தாலே குற்றம். இந்தத் தீர்ப்பு அதைத் தொடவில்லை.

கருவியே இல்லாமல் பெல்ட் வளையத்தில் விரலை மாட்டியும் வேகமாகச் சுடலாமாம். பிறகு கட்டையை மட்டும் தடை செய்து என்ன பயன்?

தடைக்கு எதிரானவர்கள் எப்போதும் எடுத்து வீசும் வாதம், நீதிமன்றத்திலும் வந்தது. விஷயம் உண்மைதான். அதற்காகக் கால்சட்டையைத் தடை செய்ய முடியாது. ஆனால் பழகிய ஒருவன் இடுப்பருகே வைத்து வித்தை காட்டுவதும், பழகாத ஒருவன் தோளில் வைத்துப் பத்து நிமிடம் ஓயாமல் சுட முடிவதும் ஒன்றில்லை. வாசலில் பூட்டு போட்டாலும் திருடன் ஓட்டைப் பிரித்து இறங்கலாம், அதற்காக யாரும் பூட்டைக் கழற்றி எறிவதில்லை.

நான் ஹெச்1பி விசாவில் டெக்ஸஸில் இருக்கிறேன். நண்பர் துப்பாக்கிப் பயிற்சி மைதானத்துக்குக் கூப்பிடுகிறார், அவரிடம் இது இருக்கிறது. தொடலாமா?

பம்ப் ஸ்டாக்கை விடுங்கள், உங்களுக்குத் துப்பாக்கியே சிக்கல். குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்தியச் சட்டமே பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. கிரீன் கார்டு இருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை. மைதானத்தில் சும்மா ஒரு தடவை வாங்கிச் சுட்டுப் பார்த்தாலும் ‘வைத்திருந்தது’ என்று ஆகிவிடக்கூடும், அப்புறம் விசாவும் வேலையும் சேர்ந்து போகும். போவதற்கு முன் ஒரு குடியேற்ற வக்கீலிடம் கேளுங்கள், நண்பரிடம் கேட்காதீர்கள்.